அம்புக்குறிகள்

நான் அதைப் பார்க்கவில்லை.
வில்லூர் துணைமின் நிலையத்துக் குழாயடியில்
சோற்றுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
மூன்றே கால் மணி.
தண்ணீர் ஒருமுறை கோணலாக விழுந்தது.
எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது.

பருத்தியில் களையெடுத்தவர்கள் சொன்னார்கள்,
வானத்திலிருந்து ஒரு தும்பிக்கை இறங்கியதாக.
சூளைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை:
"தரையிலருந்துதான்யா எழும்புச்சு,
எஞ்சாம்பலக் குடிச்சுல்ல கறுத்துச்சு."
டோல்கேட்டில் சீட்டுக் கிழிக்கும் பெண்
நாலுவழிச் சாலையை அது குறுக்கே கடந்ததென்றாள்.
"காசு கட்டாமப் போயிருச்சுண்ணே" என்று சிரித்தவள்
சிரிப்பை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்
வெகுநேரம் லைனிலேயே இருந்தாள்.
ஒரு பையன் மட்டும் விஷயத்துக்கு வந்தான்:
"கரெண்ட் எப்ப வரும்?"

மறுநாள் விடியலில் தடத்தில் இறங்கினேன்,
கம்பம் கம்பமாக.
கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது.
ஒன்பதாவது கம்பம் இடுப்பொடிந்து
உள்ளிருந்த கம்பிகளைக் காட்டிக்கொண்டு கிடந்தது.
பத்து நிற்கிறது, நூல் பிடித்த மாதிரி.
பதினொன்றை ஒயர்களே இழுத்துப் போய்
மக்காச்சோளத்துக்குள் படுக்க வைத்திருந்தன.

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி
கண்மாய்க்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது,
மூடிகூடக் கழலாமல்.
கருவேல முள்ளில் ஒரு கல்யாண பிளக்ஸ்:
தாய்மாமன்கள் ஆறு பேரும் கும்பிட்டபடி இருக்கிறார்கள்,
மாப்பிள்ளையையும் பொண்ணையும்தான் காணோம்.
கூரை போன கோழிப்பண்ணையில்
வெயிலையே அறியாத இரண்டாயிரம் கோழிகள்
அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன.

ஜெசிந்தா மேடம் கேட்டிருந்தார்,
எந்தத் திசையிலிருந்து வந்ததென்று எழுதச் சொல்லி.
மேற்கு என்றார்கள். தெற்கு என்றார்கள்.
ஒருவர் என் தோளைத் தொட்டு
"எல்லாத் திசையிலருந்தும்" என்றார்.
நான் நோட்டில் கோடு கிழித்து
விழுந்த கம்பத்துக்கெல்லாம் ஓர் அம்புக்குறி போட்டேன்,
தலை எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம்.
பதினேழு.
சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் விரித்துப் பார்க்கையில்
அம்புகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன,
வாலைக் கடிக்கப் போகும் நாய் மாதிரி.
நான் அதைப் பார்த்தது அப்போதுதான்.
டீ ஆறிப் போயிருந்தது.

கெங்குசாமி வீடு
பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில்.
இந்தப் பக்கத்து வீட்டில் சுவர் மட்டும்.
அந்தப் பக்கத்து வீட்டில் அதுவும் பாதி.
அவர் வாசல் கொடியில்
காயப்போட்ட துண்டு அப்படியே தொங்கியது.
கூரையில் மட்டும் ஒரு கட்டில் அளவு ஓட்டை.
"இங்கயும் விடல பாருங்க" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பின்பக்கம் மீட்டர் பெட்டியைப் பார்க்கப் போனேன்.
சுவரோரம் ஓடுகள்,
பத்துப் பத்தாக.
ஒன்றில்கூடக் கீறல் இல்லை.
காற்று அடுக்கி வைக்காது.

அவர் பின்னாலேயே வந்து நின்றார்.
கணக்கெடுக்க அதிகாரி வருவதைப் பற்றி
ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.
"ஒன்ன மட்டும் ஏன் விட்டுச்சுனு கேக்குறாக சார்"
என்றார். "நேத்துலருந்து கேக்குறாக.
ராத்திரி ஏணி போட்டு நானே ஏறிட்டேன்."
அப்புறம், ரொம்ப மெதுவாக:
"எனக்குக் கரெண்ட் கடைசியாக் குடுங்க."

லைன் அப்படிக் கேட்காது என்றேன்.
அவரது ஒயர் அறுந்திருக்கவே இல்லை.

மூன்றாம் நாள் இரவு ஏழு மணிக்கு
சுவிட்சைத் தூக்கினார்கள்.
நான் பதினைந்தின் உச்சியில்
இடுப்புக் கயிற்றோடு இருந்தேன்.
கூரையற்ற ஊரில் ஒவ்வொன்றாக வெளிச்சம்,
மேலே இருந்து பார்க்க எல்லாம் தெரிந்தது:
பாத்திரங்கள், பாய், தேடிக்கொண்டிருந்த கைகள்.
கெங்குசாமியின் ஓட்டை வழியே
ஒரு குண்டு பல்பு
நேராக என்னைப் பார்த்து எரிந்தது.

கொஞ்ச நேரம்தான்.
யாரோ அதை அணைத்தார்கள்.